எழுபதைத் தாண்டியவருக்குப் பல் சிகிச்சையில் அரை மயக்கம்: யாருக்குக் கொடுக்கலாம்?

பல் சிகிச்சைக்காகக் கொடுக்கப்படும் செடேஷன் ஓர் அரை மயக்கம். நோயாளி நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருப்பார். ‘வாயைத் திறங்கம்மா’ என்றால் திறப்பார். மூச்சு தானாகவே ஓடும். பயமும் படபடப்பும் அடங்கியிருக்கும். நடந்ததில் பாதி பிறகு நினைவில் இருக்காது. பல்லைக் குடையும் மெஷின் சத்தத்துக்கே கை நடுங்கும் ஒருவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அதே மருந்து, அதே அளவில், எழுபது வயது உடம்புக்குள் போகும்போது வேறு விதமாக வேலை செய்கிறது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, யாருக்கு ஆஸ்பத்திரியில் வைத்து மட்டுமே கொடுக்கலாம் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

தாம்பரமும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகரும் இந்தக் கேள்வியோடு நெருங்கிய தொடர்புள்ள இடம். கடன் வாங்கி மனை பிடித்து, சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் என்று அந்தக் காலத்தில் வீடு கட்டிக் குடியேறிய ரயில்வேக்காரர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், விமானப் படையினர் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டி நிற்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். போன தலைமுறையில் இந்த வயதில் பலருக்குப் பல்லே இருக்காது, பல் செட்டோடு காலம் ஓடிவிடும். இப்போது வேர் சிகிச்சை செய்த பல்லும், கேப் போட்ட பல்லும், இம்ப்ளான்ட்டுமாக வாய் நிறைந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார வேண்டிய நேரமும் நீண்டுவிட்டது.

இதில் இரண்டு வகைத் தவறுகள் நேர்கின்றன. வயதைக் கேட்டதுமே ‘இந்த வயசுல மயக்கமெல்லாம் வேண்டாம்’ என்று கைவிரிப்பது ஒன்று. ‘ஒரு ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது’ என்று மாத்திரைச் சீட்டைக்கூடப் பார்க்காமல் போடுவது இன்னொன்று. முதல் தவறு முதியவரை வலியோடு வீட்டுக்கு அனுப்புகிறது. கெட்டுப்போன பல்லோடு கஞ்சியும் குழைந்த ரச சாதமுமாக நாளைக் கடத்துகிறவர் மெல்ல இளைத்துப்போவார். வாயில் தங்கும் கிருமிகள் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடிவதும் முதுமையில் நன்கு அறியப்பட்ட ஆபத்து. இரண்டாவது தவறு உயிரையே பணயம் வைக்கிறது.

‘மயக்க ஊசி’ என்ற ஒரே சொல்

குழப்பத்தின் பாதி சொல்லிலேயே இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘மயக்க ஊசி’ என்றால் மூன்று வெவ்வேறு விஷயங்கள். ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி ஒன்று. அது லிக்னோகைன், அந்த இடத்தை மட்டும் உணர்வற்றதாக்கும். அடுத்தது செடேஷன்; மாத்திரையாகவோ, மூக்கு வழியே வாயுவாகவோ, கை நரம்பில் ஊசியாகவோ வருவது. மூன்றாவது ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கும் முழு மயக்கம். ‘அப்பா ஹார்ட் பேஷன்ட், மயக்க ஊசி போடக் கூடாதாம்’ என்று மகள் சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செடேஷன் கொடுத்தாலும் மரத்துப்போகும் ஊசி கட்டாயம் உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அரை மயக்கம் பயத்துக்கு, வலிக்கு லிக்னோகைன்தான்.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் (ஏ.எஸ்.ஏ.) 1999-ல் மயக்கத்தை நான்கு படிகளாக வரையறுத்தது. பதற்றம் மட்டும் தணிவது முதல் படி. பேச்சுக்குப் பதில் சொல்லும் மிதமான மயக்கம் இரண்டாவது. பலமுறை தட்டியோ வலிக்கும்படி கிள்ளியோதான் அசைக்க முடியும் என்பது மூன்றாவது. எதற்கும் அசையாத நிலை நான்காவது. பல் நாற்காலிக்கு உரியவை முதல் இரண்டு மட்டுமே. மூன்றாவது படியில் மூச்சுப்பாதை தானாகத் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. இளைஞருக்கு இந்தப் படிகள் அகலமானவை. ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போக நிறைய மருந்து வேண்டும். முதியவருக்கு அதே படிகள் குறுகிவிடுகின்றன. ஒரு மில்லிகிராம் கூடுதலாகப் போனாலே இரண்டாவது படியில் இருந்தவர் மூன்றாவதுக்குச் சறுக்கிவிடலாம். செடேஷனுக்குத் தகுதி பார்ப்பது என்றால், சறுக்கினால் தாங்கும் வலு இந்த உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்ற இரண்டையும் பார்ப்பதுதான். பிறந்த ஆண்டு அதற்கு ஒரு துப்பு மட்டுமே.

படிகள் ஏன் குறுகுகின்றன? கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் வயதோடு குறைகிறது; உள்ளே போன மருந்து வெளியேற நேரம் பிடிக்கிறது. தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், கொழுப்பில் கரையும் மருந்துகள் உடம்பில் தங்கிப் பிறகு மெதுவாகக் கசிகின்றன. மூளையே அதே அளவு மருந்துக்குக் கூடுதலாக மயங்குகிறது. ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் கையில் போட்ட ஊசி மூளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். ‘இன்னும் தூங்கலையே’ என்று பொறுமையிழந்து இன்னொரு டோஸ் போட்டால் இரண்டும் ஒன்றாக வந்து தாக்கும். தொண்டையின் காவலும் தளர்ந்திருக்கும். மெஷினிலிருந்து பீய்ச்சும் தண்ணீரோ உடைந்த பல் துண்டோ தொண்டையில் இறங்கினால் இளையவர் உடனே இருமித் துப்புவார். அரை மயக்கத்தில் உள்ள எண்பது வயதுக்காரர் இருமாமலே இருந்துவிடலாம்.

நோய் எந்தப் படியில் நிற்கிறது

மயக்கம் கொடுப்பதற்கு முன் உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது ஏ.எஸ்.ஏ. தரவரிசை. 1941-ல் தொடங்கி, 1963-ல் செப்பனிடப்பட்டு இன்றும் நடைமுறையில் இருப்பது. நோயே இல்லாதவர் முதல் வகை. கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் இரண்டாவது. கட்டுப்படாத சர்க்கரை அல்லது அழுத்தம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, முறையாக டயாலிசிஸ் செய்துகொள்வது, பேஸ்மேக்கர், மாரடைப்போ பக்கவாதமோ வந்து மூன்று மாதம் தாண்டியிருப்பது ஆகியவை மூன்றாவது. அதே மாரடைப்பு, பக்கவாதம், இதய ஸ்டென்ட் மூன்று மாதத்துக்குள் என்றால் நான்காவது. முதுமை இதில் ஒரு நோயாகக் குறிக்கப்படவே இல்லை. நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எண்பது வயதுக்காரர் இரண்டாம் வகையில் நிற்க, சர்க்கரையை அலட்சியப்படுத்திய ஐம்பத்தைந்து வயது மகன் மூன்றில் நிற்கலாம்.

முதல் இரண்டு வகையினருக்குத் தேர்ந்த பல் மருத்துவமனையிலேயே செடேஷன் கொடுக்கலாம். மூன்றாம் வகை என்றால் அவருடைய இதய மருத்துவரையோ பொது மருத்துவரையோ கலந்துகொண்டு, மயக்கவியல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் செய்வதே முறை. நான்காம் வகையில் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிவைப்பார்கள். சீழ் பிடித்து வீங்கியிருந்தால் மரத்துப்போகும் ஊசியோடு மட்டும் வடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்பார்கள். அன்றைய தினம் ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தால், அவசரமில்லாத சிகிச்சை அன்று வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. பயத்தாலேயே அழுத்தம் ஏறியிருக்கும் என்பதால் கால்மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்ப்பது நல்லது.

நுரையீரலுக்கும் இதயத்துக்கும் எவ்வளவு வலு மிச்சம் என்பதை எக்கோ ரிப்போர்ட்டைவிட எளிய கேள்விகள் தெளிவாகக் காட்டிவிடும். இரண்டு மாடிப் படியை நிற்காமல் ஏற முடிகிறதா என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. இந்தப் பகுதிக்காரரிடம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தை வைத்தே கேட்கலாம்: கிழக்குப் பக்கம் ஏறி மேற்குப் பக்கம் இறங்க நடுவில் எத்தனை முறை நிற்கிறார்? மூட்டு வலியால் நிற்கிறாரா, மூச்சு வாங்கி நிற்கிறாரா? மூட்டு வலிக்காரருக்கு இந்தக் கேள்வி பயன்படாது. அவருக்கு வேறு கேள்வி வேண்டும். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பது அது. மூன்று தலையணை இல்லாமல் மூச்சுத் திணறுகிறது என்றால் பல் நாற்காலியைத் தட்டையாகச் சாய்க்கவே முடியாது. நீர் கோத்த இதயமாக இருக்கலாம். அவருக்கு அன்று செடேஷன் இல்லை.

குறட்டையும் முக்கியம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கண்டுபிடிக்க ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியது ஒரு மதிப்பெண், ஆண் என்பது ஒன்று, ரத்த அழுத்தம் ஒன்று. ஆக அழுத்த மாத்திரை சாப்பிடும் எழுபது வயது ஆண், குறட்டையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே மூன்று மதிப்பெண் பெற்றுவிடுகிறார். மூன்று என்பதே கவனிக்க வேண்டிய எல்லை. குறட்டைக் கேள்விக்குச் சரியான பதில் அவரிடம் கிடைக்காது, மனைவியிடம்தான் கிடைக்கும். நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையின் பின்புறம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் மல்லம்பட்டி சோதனையும் உண்டு. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. எப்படியும் வாயைத் திறந்து பார்க்கும் பல் மருத்துவருக்கு இதற்கு அரை நிமிடம் போதும்.

மஞ்சள் பைக்குள் இருப்பது

முதியவர்கள் கொண்டுவரும் துணிப்பையை மேசையில் கொட்டிப் பார்ப்பதைவிடப் பயனுள்ள பரிசோதனை வேறில்லை. பாதி வெட்டிய அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுகள், பேரன் ஊரிலிருந்து அனுப்பிய வைட்டமின் டப்பா, அடியில் ஒரு தூக்க மாத்திரை அட்டை. அந்தக் கடைசி அட்டைதான் முக்கியம். அல்பிரசோலமோ குளோனசெபமோ தினமும் சாப்பிடுகிறவருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த செடேஷன் ஊசி மருந்தான மிடசோலம் எப்படி வேலை செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வலிக்குத் தரும் டிரமடாலும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் மூச்சைக் குறைக்கும் வேலையில் அதோடு கூட்டுச் சேரும். இதயத்துக்குத் தரும் டில்டியாசெம், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின் ஆகியவை மிடசோலம் சிதைவதைத் தடுத்து மயக்கத்தை நீட்டிக்கும்.

இங்கே ஒரு வட்டார விசேஷமும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இந்தப் பகுதி முதியவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூட்டு வலிக்கும் தூக்கமின்மைக்கும் சூரணமும் லேகியமும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஆங்கில மருத்துவரிடம் அதைச் சொல்வது குறைவு. திட்டுவார் என்ற பயம். அமுக்கரா சூரணத்தின் மூலிகைக்குத் தாவரவியலார் வைத்த பெயரே விதானியா சோம்னிஃபெரா. பின்பாதியின் பொருள் தூக்கம் தருவது. செடேஷனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் சேரும். கேட்கும் தொனியும் முக்கியம். ‘நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா, நல்லதுதான், என்னன்னு மட்டும் சொல்லுங்க’ என்று கேட்டால் பதில் வரும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் செடேஷனைத் தடுக்காது, ஆனால் சிகிச்சையின் போக்கை மாற்றும். ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் ஒன்றிரண்டு பல் எடுப்பதற்காக நிறுத்துவதில்லை. ஸ்டென்ட் வைத்தவர் தாமாக நிறுத்தினால் பல் போவதற்குப் பதில் உயிர் போகக்கூடும். அசினோகுமரால், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 3.5-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்வார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஜோலெட்ரானிக் அமில ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் அந்த மருந்தோடு தொடர்புள்ளது.

வாயுவும் சானடோரியத்து நுரையீரலும்

செடேஷன் மருந்துகளில் முதியவருக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது நைட்ரஸ் ஆக்சைடு. ‘சிரிப்பூட்டும் வாயு’ என்று பள்ளிப் பாடத்தில் படித்தது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதைச் சுவாசித்துக்கொண்டே தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார். மயக்கவியலின் தொடக்க வரலாற்றில் பல் நாற்காலி இடம்பிடித்தது அப்படித்தான். மூக்கில் ஒரு சிறு மாஸ்க், மூன்று நான்கு நிமிடங்களில் உடம்பு லேசாகும். நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இதில் வேலையே இல்லை. வந்த வழியே மூச்சில் வெளியேறிவிடும். பல் சிகிச்சைக்கான கருவிகள் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாது. மயக்க வாயுக்களின் தேவை நாற்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 6 சதவீதம் குறைவதால், முதியவருக்கு இந்த வாயுவையும் குறைவான செறிவில் தொடங்குவார்கள்.

ஆனால் இதற்கும் விலக்குகள் உண்டு. முதலாவது கெட்டுப்போன நுரையீரல். தாம்பரத்துக்கு இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த காசநோய் மருத்துவமனையை 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கினார். இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜத்துக்குச் சிகிச்சை அளித்தவர் அவர். பிறகு அரசு எடுத்துக்கொண்ட அந்த வளாகத்தில் லட்சக்கணக்கானவர்கள் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். இளம் வயதில் காசநோய் வந்து முழுதும் குணமானவர்கள் எழுபது வயதில் ‘எனக்கு எந்த நோயும் இல்லை’ என்றே சொல்வார்கள், உண்மையும் அதுதான். ஆனால் நோய் போன இடத்தில் தழும்பு இருக்கும். காற்றுப் பைகள் சில இறுகியிருக்கும், சில ஊதியிருக்கும். அப்படிப்பட்ட நுரையீரலில் மூச்சின் கையிருப்பு குறைவு. ஊதிய காற்றுப் பைக்குள் நைட்ரஸ் ஆக்சைடு புகுந்து அதை மேலும் விரிக்கலாம். நைட்ரஜனைவிட ரத்தத்தில் முப்பது மடங்குக்கு மேல் கரைவதால், அடைபட்ட காற்றிடம் எங்கே இருந்தாலும் நைட்ரஜன் வெளியேறும் வேகத்தைவிட இது உள்ளே நுழையும் வேகம் அதிகம். ‘எப்போதாவது டி.பி.க்கு மருந்து சாப்பிட்டீர்களா?’ என்ற ஒரு கேள்வியும், பழைய எக்ஸ்ரே ஒன்றும் இங்கே மிகவும் பயன்படும்.

இரண்டாவது கண். விழித்திரை விலகியதற்கு ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாயு கொடுத்தால் குமிழி பெருத்துப் பார்வையே போய்விடலாம். குமிழியின் வகையைப் பொறுத்து அது இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை கண்ணில் இருக்கும். கண்புரை ஆபரேஷனையும் விழித்திரை ஆபரேஷனையும் ‘கண் ஆபரேஷன்’ என்று ஒரே சொல்லால் சொல்வதால் எது என்று தோண்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது வைட்டமின் பி12. நைட்ரஸ் ஆக்சைடு பி12-ஐச் செயலிழக்கச் செய்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவ உணவுக்காரர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். காலில் எரிச்சல், நடையில் தள்ளாட்டம் இருந்தால் ரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நரம்பு ஊசி: பாதி அளவு, இரட்டிப்புப் பொறுமை

வாயு போதாதவருக்கு மிடசோலம். இதில்தான் முதியவர்களுக்கு அதிக எச்சரிக்கை. இளையவருக்கு 2 அல்லது 2.5 மில்லிகிராமில் தொடங்கினால், முதியவருக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம். பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருந்து, இன்னொரு அரை மில்லிகிராம். பிரிட்டனின் மருந்துக் கையேடு முதியவருக்கு மொத்தம் 3.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. மற்ற பெரியவர்களுக்கு அது 7.5. ஒரே 5 மில்லிகிராம், 5 மில்லி ஆம்ப்யூலிலும் வரும், 1 மில்லி ஆம்ப்யூலிலும் வரும். சின்ன ஆம்ப்யூலில் கை கொஞ்சம் நழுவினாலும் அளவு எங்கேயோ போய்விடும். பிரிட்டனில் அளவு மீறிய சம்பவங்களைத் தொடர்ந்து 2008 டிசம்பரில், செறிவு மிகுந்த ஆம்ப்யூல்களைப் பொதுப் பிரிவுகளிலிருந்து அகற்றச் சொல்லி நோயாளிப் பாதுகாப்பு அமைப்பே உத்தரவிட்டது.

மிடசோலத்தை முறிக்கும் மருந்தான ஃப்ளூமசெனில் கைவசம் இருக்க வேண்டும். ஆனால் அதன் வேகம் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், மிடசோலம் உள்ளேயே இருக்கும். தெளிந்துவிட்டார் என்று அனுப்பப்பட்டவர் ஆட்டோவில் மறுபடி மயங்குவது இதனால்தான். முந்தைய இரவே வீட்டில் சாப்பிடச் சொல்லும் மாத்திரைகள் வசதியானவை போலத் தோன்றும். ஆனால் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு மிடசோலம் குடும்பத்து மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறது பியர்ஸ் பட்டியல். அமெரிக்காவில் 1991-ல் வெளியாகி அவ்வப்போது புதுப்பிக்கப்படுவது. விழுந்து இடுப்பெலும்பு முறிவது, மனக் குழப்பம் இரண்டும் காரணம். விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்து தள்ளாடி விழுகிறவருக்குப் பல் வலியெல்லாம் மறந்துபோகும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அதே கருவி, செடேஷனில் கட்டாயம். குளிர்ந்த விரலிலும், அடர்ந்த நகப்பூச்சு இருக்கும் விரலிலும் அது தவறாகக் காட்டலாம். ஏசி அறையில் அம்மாவின் கையைச் சற்று உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டினால் எண் சரியாக நிற்கும். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கும்போது மூச்சு நின்றுபோனாலும் இந்த எண் உடனே இறங்காது. இறங்கும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் மூச்சில் வரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபும், மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு ஆளும் வேண்டும். பல் எடுப்பவரே அந்த ஆளாக இருக்க முடியாது.

இட்லி, காபி, சர்க்கரை மாத்திரை

வெறும் வயிறு என்ற சொல் இங்கே பெரிய சிக்கல். மிடசோலம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே லேசான சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம். ‘ஒண்ணும் சாப்பிடலை, ஒரே ஒரு காபிதான்’ என்ற பதில் வழக்கமாக வரும். பால் கலந்த ஃபில்டர் காபி உணவுக் கணக்கில்தான் சேரும். பட்டினி கிடந்தவர் பழக்க தோஷத்தில் காலை கிளிமெபிரைடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்தால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கிவிடும். வியர்வையும் குழறலும் மயக்க மருந்தின் வேலை என்றே எல்லோரும் நினைப்பார்கள். எனவே முதியவருக்குக் காலை முதல் நேரம், சர்க்கரை மாத்திரையைப் பற்றி எழுத்தில் குறிப்பு, வந்ததும் விரலில் குத்தி ஒரு சர்க்கரை அளவு. டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பட்டினியோடு கூடிய மயக்கத்துக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்; வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு ஊசி வயிற்றை மெதுவாகக் காலியாக்குவதால் அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அழுத்த மாத்திரையை அரை மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். வாயு மட்டும் என்றால் முழுப் பட்டினி தேவையில்லை. வயிறு முட்டச் சாப்பிடாமல் வந்தால் போதும்.

மரத்துப்போகும் ஊசிக்கும் கணக்கு உண்டு. பல் மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் 1:80,000 அட்ரினலின் கலந்த லிக்னோகைனில் மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம் அட்ரினலின். இதய நோயாளிக்கு ஒரு முறையில் 40 மைக்ரோகிராம் என்ற வழக்கமான எல்லையை வைத்தால், சுமார் 3 மில்லிதான். அதற்குள் முடிகிற வேலையை மட்டும் அன்று செய்துவிட்டு மீதியை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அட்ரினலினே வேண்டாம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. சரியாக மரத்துப்போகாமல் வலி எடுத்தால் உடம்பே அதைவிட அதிக அட்ரினலினைச் சுரந்துவிடும்.

சம்மதம் யாருடையது

மறதி நோய் உள்ளவர்களுக்குச் செடேஷன் சில நேரங்களில் ஒரே வழி. சில நேரங்களில் அதுவே குழப்பத்தைக் கிளறிவிடும். எதற்காக வாயைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று புரியாத ஒருவர் கையைத் தட்டிவிடும்போது, மூக்கில் மாஸ்க் வைப்பதே அவருக்கு மூச்சுத் திணற வைப்பது போலத் தோன்றும். அரைகுறை மயக்கத்தில் அவர் மேலும் முரண்டு பிடிக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து எல்லா வேலையையும் ஒரே நாளில் முடிப்பது சில சமயம் மேலானது.

தெளிவாக இருக்கும் முதியவரிடம் கேட்காமல் பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவது பரவலான பழக்கம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது: நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது, ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது. பல் நாற்காலியில் இது நேரடியாகப் பொருந்தும். அம்மா அரை மயக்கத்தில் இருக்கும்போது வெளியே வந்து ‘பக்கத்துப் பல்லும் ஆடுது, சேர்த்து எடுத்துடலாமா?’ என்று மகனைக் கேட்பது தவறு. எத்தனை பல், எந்தப் பல் என்பதை மருந்து போவதற்கு முன் அந்த அம்மாவிடமே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். காது கேட்கும் கருவியையும் கண்ணாடியையும் அதுவரை கழற்றச் சொல்லக் கூடாது.

எங்கே செய்வது, யார் கூட்டிப்போவது

பல் மருத்துவக் கல்லூரிகள் அடர்ந்த பகுதி இது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., ரத்தினமங்கலம் தாகூர் ஆகியவற்றில் பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒரே நிர்வாகத்தில் அருகருகே இருக்கின்றன; பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்றாம் வகை நோயாளிக்கு இப்படி மயக்கவியல் மருத்துவரும் ஐ.சி.யூ.வும் எட்டும் தூரத்தில் இருக்கும் இடமே சரி. உடல் மிகவும் தளர்ந்தவர் என்றால் சிகிச்சைக்கு முன் முதியோர் மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது பல சிக்கல்களை முன்பே காட்டிவிடும். இந்தத் துறையில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு: டாக்டர் வி.எஸ்.நடராஜன் அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்குத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இப்போது கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நேராகப் போகலாம்.

தெருமுனை கிளினிக்கில் செய்வதானால் பார்க்க வேண்டியவை கண்ணுக்குத் தெரிகிற சங்கதிகள்தான். ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, உறிஞ்சும் குழாய் மின்சாரம் போனாலும் ஓடுமா, மயக்கவியல் மருத்துவர் யார், அவர் வேலை முடியும்வரை இருப்பாரா. கிளினிக் லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் இருந்தால், தள்ளாடும் கால்களோடு அந்தப் படியில் எப்படி இறங்குவார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் திரும்பாத படிக்கட்டாக இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

கடைசித் தகுதி உடம்பில் இல்லை, வீட்டில் இருக்கிறது. நரம்பு ஊசி போட்டுக்கொண்டவரோடு மறுநாள் காலைவரை பொறுப்பான ஒருவர் கூட இருக்க வேண்டும். பிள்ளைகள் டல்லஸிலும் சிங்கப்பூரிலும் இருக்க, சேலையூர் ஃபிளாட்டில் எண்பது வயது கணவரும் எழுபத்தாறு வயது மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில், அந்த ‘ஒருவர்’ தானே ஒரு நோயாளி. இப்படி வரும்போது ஆள் இல்லை என்று சிகிச்சையையே மறுப்பது நியாயமில்லை. மருந்தை மாற்றலாம்: வாயு கொடுத்தால் அரை மணியில் தெளிந்துவிடுவார். அல்லது ஒரு நாள் மருத்துவமனையில் படுக்க வைக்கலாம். பலருக்கு அதுகூடத் தேவைப்படாது. பழகிய மருத்துவர், காலை நேரம், ஒரு தடவைக்கு ஒரு பல், நன்றாக மரத்துப்போகும் ஊசி, நடுவில் கை தூக்கினால் நிறுத்துவேன் என்ற வாக்கு; இவ்வளவிலேயே பயம் அடங்கிவிடுகிற முதியவர்கள் நிறையப் பேர். செடேஷன் இல்லாமலே முடிகிற வேலைக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதும் தகுதி பார்ப்பதில் ஒரு பகுதி.

செடேஷன் பெற்றவரை நாற்காலியிலிருந்து மெதுவாக நிமிர்த்தி, சில நிமிடம் உட்கார வைத்து, பிறகு எழுப்ப வேண்டும். புராஸ்டேட்டுக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சரியும். வீட்டுக்கு ஆட்டோவோ காரோதான். பைக்கின் பின் இருக்கையும் மின்சார ரயிலும் அன்று கூடாது. மரத்துப்போன உதடு தெளியும்வரை சூடான காபி வேண்டாம். அன்றிரவு வழக்கமான தூக்க மாத்திரையைத் தவிர்க்கலாமா என்று புறப்படும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சமையல் அடுப்பு, வங்கிக் கையெழுத்து, பணப் பரிமாற்றம் எல்லாம் மறுநாளைக்கு. இரவில் ஒரு முறை எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழிக்காவிட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, காலையிலும் குழப்பமாகப் பேசினாலோ 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய சீட்டு கையோடு போக வேண்டும்.